குழையாத சைவ நூடுல்ஸ் சூப்

இருவருக்கு 100 கிராம் நூடுல்ஸ் போதும். ருசி முழுவதும் சூப் தண்ணீரில்தான். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் பட்டன் காளான் 100 கிராம் வாங்கி, நறுக்கிப் பொன்னிறமாக வதக்குங்கள். தட்டிய இஞ்சி, வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி, ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்து 20 நிமிடம் சிறுதீயில் கொதிக்கட்டும். கடைசி 5 நிமிடத்தில் கேரட், 2 நிமிடத்தில் முட்டைக்கோஸ். சோயா சாஸ் 2 டீஸ்பூன். அதிலேயே உப்பு அதிகம், ருசி பார்த்தபின் போடுங்கள்.

நூடுல்ஸைத் தனியாக, பாக்கெட்டில் சொன்னதைவிட ஒரு நிமிடம் குறைவாக வேகவைத்துப் பச்சைத்தண்ணீரில் அலசுங்கள். சூப்பிலேயே வேகவிட்டால் மாவு இறங்கிக் கஞ்சியாகிவிடும். கிண்ணத்தில் நூடுல்ஸ், மேலே கொதிக்கும் சூப், மிளகுத்தூள். இந்த வகை சூப்பில் வாசனைக்குச் சேர்க்கும் சீன எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது. நம்மூர் நல்லெண்ணெயில் அந்த வாசனை வராது. வறுத்த எள்ளைப் பொடித்துத் தூவினால் சரியாகிவிடும்.