மேரி ராணியின் பூத்தையலைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்து ராணி மேரி 1568-ல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தார். 1587-ல் தலை வெட்டப்படும் வரை இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் காவலில்தான் இருந்தார். அந்த வருஷங்களில் அவர் போட்ட எம்பிராய்டரியைப் பார்க்கிற பலரும் ஒவ்வொரு மீனுக்கும் பறவைக்கும் ரகசிய அர்த்தம் தேடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அவற்றில் நிறைய உருவங்கள் சுவிஸ் இயற்கையியலாளர் கொன்ராட் கெஸ்னரின் விலங்கு நூல் போன்ற அச்சுப் புத்தகங்களைப் பார்த்துப் போட்டவை.

மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேரி அதை எங்கே மாற்றியிருக்கிறார் என்று தேடுங்கள். எடின்பரோவின் ஹோலிரூட் அரண்மனையில் இருக்கும் பூனையை எடுத்துக்கொள்ளுங்களேன்: கெஸ்னரிடம் இருந்தது வெறும் பூனை, மேரி அதைச் செம்பட்டையாக்கிப் பக்கத்தில் ஒரு எலியையும் சேர்த்துவிட்டார். எலிசபெத்தின் முடியும் செம்பட்டை. இங்கே அர்த்தம் தேடலாம், தேடத்தான் வேண்டும்.

அதற்காக மற்றதெல்லாம் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடவும் கூடாது. மேரியைக் கல்யாணம் செய்ய நினைத்த நார்ஃபோக் பிரபுவுக்கு அவர் தைத்த ஒரு திண்டு போனது. மேகத்திலிருந்து நீளும் ஒரு கை, காய்க்காத திராட்சைக் கொடியைக் கத்தியால் கழிக்கிறது; காயம் பட்டால் நற்குணம் தழைக்கும் என்று லத்தீனில் ஒரு வரி. எலிசபெத்துக்குக் குழந்தை இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். நார்ஃபோக்கின் தலை 1572-ல் தேசத்துரோகக் குற்றத்துக்காகப் போனது.

அப்புறம், இதை டேப்பெஸ்ட்ரி என்று சொல்லாதீர்கள், அது தறியில் நெய்வது. இது லினன் கேன்வாஸில் இழை எண்ணிப் பட்டு நூலால் போட்ட கிராஸ் ஸ்டிட்ச் (பெருக்கல் குறி மாதிரித் தையல்), சில இடங்களில் டென்ட் ஸ்டிட்ச் (ஒற்றைச் சாய்வுத் தையல்). இழை எண்ணிப் போடும்போது வளைவெல்லாம் படிக்கட்டு மாதிரிதான் வரும், அதைப் பார்த்துவிட்டுக் கை பழகாதவர் வேலை என்று முடிவு கட்டுவது அநியாயம். இங்கிலாந்தின் ஆக்ஸ்பரோ மாளிகையில் இந்தத் தையல் துண்டுகள் இருக்கும் பச்சை வெல்வெட்டுத் திரைகளையும் வரிசையாகக் கதை போலப் படிக்காதீர்கள். தனித்தனியாகப் போட்ட எண்கோண, சிலுவை வடிவத் துண்டுகளை மேரி இறந்து வெகுகாலம் கழித்துத்தான் அதில் பொருத்தினார்கள். எல்லாமே அவர் கைவேலையும் இல்லை. காவல் வைத்திருந்த ஷ்ரூஸ்பரி பிரபுவின் மனைவி பெஸ்ஸும் கூட உட்கார்ந்து தைத்திருக்கிறார்.

மழைநாளில் என்ன செய்வீர்கள் என்று 1569-ல் ஒருவர் கேட்டதற்கு, நாள் முழுக்க ஊசிதான், நிறம் நிறமாக இருப்பதால் அலுப்புத் தெரிவதில்லை, வலி வந்த பிறகுதான் கீழே வைப்பேன் என்றாராம் மேரி.