தகரப்பெட்டிப் படங்களுக்குக் கவிதை தேடுவது

எண்பது வயதில் வீட்டைக் காலி செய்து சிறிய குடியிருப்புக்கு மாறியபோது, என் மாமியார் பழைய பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்றை என் மடியில் வைத்தார். "உனக்குத்தான் கவிதைப் பைத்தியம். இவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கவிதை தேடி வை, பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும்" என்றார். உள்ளே பதினொரு படங்கள் இருந்தன. எல்லாம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பண்ணை வைத்திருந்த அவருடைய முன்னோர்கள். மதுரையில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நான், ஒரே இரவில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பதினான்கு மாதம் பிடித்தது.

முதல் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். சீட்டுக்கட்டு அட்டையைவிடச் சற்றே பெரிய ஒரு படத்தில் ஒரு பெண், கறுப்பு உடை, மடியில் குழந்தை, முகத்தில் சிரிப்பில்லை. துக்கம்தான் என்று முடிவுகட்டினேன். குடும்பப் பண்ணையோ கவிஞர் எமிலி டிக்கின்சன் வாழ்ந்த ஆமர்ஸ்ட் ஊருக்குப் பக்கம். இறந்தவரின் வீட்டில் மறுநாள் காலை எழும் பரபரப்பைப் பற்றி அவர் எழுதிய எட்டு வரிக் கவிதை ஒன்று உண்டு. இதயத்தைக் கூட்டிப் பெருக்கி, அன்பை எடுத்து உள்ளே வைக்கும் வேலை என்கிறது அது. அதை அழகாக அச்சிட்டுப் படத்தோடு சட்டமிட்டு மாமியாரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இவள் இதைப் படித்திருப்பாளா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் இந்த வழிகாட்டி முழுவதும்.

ஆகவே கவிதைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் படத்தைத் திருப்புங்கள். என் படத்தின் பின்னால் இரண்டு சென்ட் வருவாய்த் தலை (அஞ்சல் தலைபோல, வரி கட்டியதற்கு அடையாளமாக ஒட்டுவது) ஒட்டியிருந்தது. அதன்மேல் பேனாவால் இரண்டு எழுத்துகள், கீழே 1865 மார்ச். உள்நாட்டுப் போரின் செலவுக்காக அமெரிக்க அரசு, 1864 செப்டம்பர் முதல் 1866 ஆகஸ்ட் முதல் தேதி வரை புகைப்படங்களுக்கும் வரி போட்டது. 25 சென்ட்டுக்கு மேற்படாத படத்துக்கு இரண்டு சென்ட் தலை. விற்றவரே கையொப்ப எழுத்தும் தேதியும் போட்டு அதைச் செல்லாததாக்க வேண்டும். வரி கட்டியவர்கள் நொந்திருப்பார்கள். நமக்கு அது வரம். டிக்கின்சனின் முதல் கவிதைத் தொகுப்பு வந்ததோ 1890-ல், அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து. உயிரோடு இருந்தபோது விரல்விட்டு எண்ணக்கூடிய கவிதைகளே அச்சேறின, அவையும் பெயரில்லாமல். என் படத்துப் பெண் அந்த எட்டு வரியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க முடியாது.

வருவாய்த் தலை இல்லாத படமானால், படம் எந்தப் பொருளின்மேல் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். கண்ணாடிபோல் பளபளத்து, சாய்த்துப் பிடித்தால்தான் முகம் தெரிகிறதா? அது வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுத்த டாகுரோடைப். பெரும்பாலும் 1840-களும் 1850-களும். அதைப் பெட்டியிலிருந்து கழற்றாதீர்கள், துடைக்கவே துடைக்காதீர்கள். விரல் பட்டால் முகமே அழிந்துவிடும். கறுப்புப் பின்னணி வைத்த கண்ணாடி என்றால் அம்ப்ரோடைப், 1850-களின் நடுவில் தொடங்கியது. காந்தம் ஈர்த்தால் இரும்புத் தகட்டு டின்டைப், 1856-க்குப் பிந்தியது. (பெட்டிக்கு வெளியிலிருந்தே காந்தத்தைக் காட்டிப் பார்க்கலாம், உரச வேண்டாம்.) அட்டையில் ஒட்டிய சிறு படம், 'கார்ட் தெ விசிட்', 1860 வாக்கில் இங்கே பரவியது. அதைவிடப் பெரிய கேபினட் கார்டு 1866-க்குப் பிறகு.

அடுத்து உடை. அங்கேதான் நான் வழுக்கினேன். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல ஒளிதான் நன்றாகத் தெரியும். சிவப்பு அநேகமாகத் தெரியாது. எனவே சிவப்புப் பட்டு கறுப்பாக விழும், நீலக் கண் வெளிறிப்போகும். கறுப்பாகத் தெரிவதெல்லாம் துக்க உடை அல்ல. சிரிப்பில்லாததும் துக்கம் அல்ல. பல விநாடிகள் அசையாமல் உட்கார்ந்தவரின் முகம் அப்படித்தான் இருக்கும். இதைவிட மோசம், காலுக்குப் பின்னால் தாங்குசட்டத்தின் அடி தெரிந்தால் 'இது பிணத்தை நிறுத்தி எடுத்த படம்' என்று சொல்லி விலையேற்றி விற்பவர்கள். அந்தச் சட்டம் உயிருள்ளவரின் தலை ஆடாமல் இருப்பதற்கு. பிணத்தின் எடையை அது தாங்காது.

துக்கம் உண்மையா என்பதை ஆவணத்தில் பாருங்கள். 1850 முதல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு, அடிமைகளாக இல்லாத எல்லாரையும் வீடுவீடாகப் பெயர் சொல்லிப் பதிகிறது. மாசசூசெட்ஸில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1841-லேயே தொடங்கிவிட்டது. (1890 கணக்கை மட்டும் நம்பாதீர்கள், 1921-ல் நடந்த தீவிபத்தில் அதன் பெரும்பகுதி பாழானது.) அங்கே தேடியபோதுதான் தெரிந்தது: 1865-ல் அந்த வீட்டில் சாவே இல்லை. கணவர் படையில் இருந்தார், கோடையில் திரும்பிவிட்டார். அந்தப் படம் அவருக்கு அனுப்ப எடுத்ததாக இருக்க வேண்டும். ஆக, எனக்கு வேண்டியது இறப்புக் கவிதை அல்ல, பயத்தின் கவிதை.

அது ஒரு வேறு புகைப்படத்தின் வழியாக வந்தது. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் இறந்துகிடந்த ஒரு வடபடை வீரரிடம், மூன்று குழந்தைகளின் அம்ப்ரோடைப் இருந்தது. பெயர், அடையாளம் எதுவும் இல்லை. செய்தித்தாளில் புகைப்படத்தை அச்சிடும் வசதி அன்று கிடையாது. எனவே பிலடெல்பியா பத்திரிகை அந்தக் குழந்தைகளை வார்த்தையால் வர்ணித்தது: இன்ன வயது, சட்டைத்துணி இன்னது, யார் நடுவில். நியூயார்க் மாநிலத்தின் போர்ட்வில் என்ற சிற்றூரில் அந்த வர்ணனை ஒரு தாயின் காதுக்கு எட்டியது. கணவரின் கடிதம் நின்று மாதங்கள் ஆகியிருந்தன. படத்தின் பிரதியை வரவழைத்துப் பார்த்து, தம் பிள்ளைகள்தான் என்று உறுதிசெய்தார். இறந்தவர் ஏமஸ் ஹியூமிஸ்டன். இதைப் பற்றி ஒரு கவிதைப் போட்டி வைத்தார்கள். வென்றவர் ஜேம்ஸ் கிளார்க். தாமே இசையும் அமைத்தார். குழந்தைகளின் படமும் பாட்டும் விற்ற பணம், படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கு கெட்டிஸ்பர்க்கில் இல்லம் அமைக்க உதவியது. கவிதையாகப் பார்த்தால் சுமாரானதுதான், கண்ணீரைப் பிழிகிறது. ஆனால் கணவருக்குக் குழந்தையின் படத்தை அனுப்பும் பெண் 1865-ல் எதை நினைத்து நடுங்கியிருப்பாள் என்பதற்கு அதைவிட நெருக்கமான எழுத்து எனக்குக் கிடைக்கவில்லை. தரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்பது என் கட்சி. அந்தக் காலத்து வீட்டின் முன்னறையில் படிக்கப்பட்ட கவிஞர்கள் லாங்ஃபெலோ, விட்டியர், லிடியா சிகர்னி. இன்று நாம் கொண்டாடும் கவிஞர் விட்மனை மிகச் சிலரே வாங்கினார்கள்.

குழுப்படம் இருந்தால் விட்டியரின் பனிக் கவிதையைத் தேடுங்கள், 1866-ல் வந்தது. ஹேவரில் என்ற ஊரின் பண்ணை வீட்டில் பனி அடைத்துக்கொண்ட நாட்களில், கணப்பைச் சுற்றி உட்கார்ந்த அப்பா, அம்மா, அப்பாவின் சகோதரர், அம்மாவின் சகோதரி, தங்கை என்று ஒவ்வொரு முகமாக எழுதிப்போகிறார். எழுதும் நேரத்தில் அவரும் தம்பியும் மட்டும்தான் மிச்சம். சுவரில் மாட்டிய பெரிய படத்துக்கு லாங்ஃபெலோ. அவர் மனைவி ஃபேனி 1861-ல் உடையில் தீப்பிடித்து இறந்தார். பதினெட்டு ஆண்டு கழித்து 1879-ல், இரவு விளக்கின் ஒளி சூழச் சுவரிலிருந்து பார்க்கும் அவர் முகத்தை வைத்துப் பதினான்கு வரி எழுதினார். தம் வாழ்நாளில் அதை வெளியிடவில்லை. அதனால் இதுவும் 'படித்திருப்பாளா' தேர்வில் தோற்கிறது. ஆனால் படத்தைப் பார்ப்பவரின் கவிதை என்பதால், பார்க்கிற நம் பெயரில் அதை வைத்துக்கொண்டேன். விதியை மீறலாம், மீறியதை எழுதிவைத்தால் போதும்.

எழுதிவைப்பது இப்படி: படத்தின் மேல் எதுவும் எழுதாதீர்கள், ஒட்டுநாடா கூடாது. இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். அமிலமற்ற தாளில் மென்பென்சிலால் படத்தின் ஆண்டு, அதற்கான சான்று, கவிதை அச்சேறிய ஆண்டு, இரண்டையும் சேர்த்ததற்கு ஒரே ஒரு வாக்கியத்தில் காரணம். கடைசியில் 'தெரிந்தது', 'ஊகம்' என்று இரண்டு பத்தி. எங்கள் வீட்டுத் தாள்களில் ஊகப் பத்திதான் நீளம். மூன்று டின்டைப் இளைஞர்களுக்குப் பெயரும் இல்லை, கவிதையும் இல்லை. வெறும் உறையில் இருக்கிறார்கள்.

பெட்டியின் அடியில் ஒரு கேபினட் கார்டு கிடந்தது. கனத்த அட்டை, பொன்விளிம்பு, தோளில் பலூன்போல் உப்பிய சட்டைக்கை. 1895-ஐ ஒட்டிய நாகரிகம் அது. உட்கார்ந்திருப்பவர் அதே பெண், நரைத்த தலை, மடியில் குழந்தைக்குப் பதில் ஒரு புத்தகம். பதிவேட்டின்படி கணவர் அதற்கு முந்தைய ஆண்டு இறந்திருந்தார். டிக்கின்சன் தொகுப்பு அப்போது கடைகளில் இருந்தது. சட்டமிட்டிருந்த அந்த எட்டு வரியைக் கழற்றி, 1890 பதிப்பில் வந்த வடிவத்திலேயே மறுபடி எழுதி இந்தப் படத்தோடு வைத்தேன். புத்தகத்தின் பெயர் மட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியிலும் தெரியவில்லை. அது ஊகப் பத்தியில் இருக்கிறது.