வீட்டிலேயே குயில்ட் தையல் தொழில்: முதல் மேல்துணியைக் கையில் வாங்குவதற்கு முன்

பழைய புடவைகளை அடுக்கி, நீளவாக்கில் ஓட்டுத்தையல் போட்டுப் பாட்டி தைத்த போர்வையில் படுத்து வளர்ந்தவர்களுக்குக் குயில்ட் என்றால் என்னவென்று விளக்க அதிக நேரம் ஆகாது. அமெரிக்கக் குயில்ட்டில் மூன்று அடுக்குகள் உண்டு. வண்ணத் துண்டுகளை இணைத்துத் தைத்த மேல்துணி, நடுவில் பேட்டிங் எனப்படும் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவித் தைத்து ஒன்றாக்குவதுதான் குயில்ட்டிங். மேல்துணியை ஆசை ஆசையாக மாதக்கணக்கில் தைத்து முடிக்கிற பலர் இந்தக் கடைசி வேலையில் நின்றுவிடுகிறார்கள். ஏழெட்டு அடி அகலமுள்ள மூன்றடுக்குச் சுமையைச் சிறிய தையல் இயந்திரத்தின் கைக்குள் சுருட்டித் திணிப்பது தோள்பட்டையை வாங்கிவிடும். அதனால் லாங்ஆர்ம் எனப்படும் நீண்ட கையுள்ள பெரிய குயில்ட் இயந்திரம் வைத்திருப்பவரைத் தேடி வருகிறார்கள்.

ஒஹாயோவில் எங்கள் வீட்டு நிலவறையில் 2016 முதல் இந்த வேலையைச் செய்து வருகிறேன். புதிதாகத் தொடங்க நினைக்கும் தமிழ்ப் பெண்கள் சிலர் என்னிடம் அடிக்கடி கேட்பவற்றை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். எந்த இயந்திரம் வாங்கலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்பே பேச வேண்டியது நிறைய இருக்கிறது. பிறருடைய ஆறு மாத உழைப்பு உங்கள் கைக்கு வரப்போகிறது. இந்தத் தொழிலில் எல்லாமே அதைச் சுற்றித்தான் இருக்கிறது.

முதல் படி: சொந்தமாக இருபது குயில்ட்

மேல்துணியிலிருந்து ஓரப்பட்டை வரை குறைந்தது இருபது குயில்ட்டுகளையாவது நீங்களே தைத்து முடியுங்கள். துண்டுகளை இணைப்பதில் எங்கே பிழை வரும், ஓரம் ஏன் அலைஅலையாக நிற்கும் என்பதெல்லாம் அப்போதுதான் கைக்குத் தெரியும். ஊரில் குயில்ட் கில்டு இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை கூடும் சங்கம் அது. பெரும்பாலும் மூத்த பெண்களே இருப்பார்கள், கேட்டால் எதையும் மறைக்காமல் சொல்லித் தருவார்கள். எனக்கு வேலை அனுமதி இல்லாத ஆண்டுகளில் அந்தச் சங்கம்தான் என் பள்ளிக்கூடம்.

அவர்களில் சிலர் கைத்தையல்தான் குயில்ட், இயந்திரத்தில் தைப்பது போர்வை என்று சொல்லக்கூடும். வருத்தப்பட வேண்டாம். 1989-இல் கென்டக்கி மாநிலத்தின் படூக்கா நகரில் அமெரிக்கக் குயில்ட் சங்கம் நடத்திய போட்டியில் கேரில் பிரையர் ஃபாலர்ட் இயந்திரத்தில் தைத்த குயில்ட் முதற்பரிசு வென்றது. இயந்திரத்தில் தைத்த குயில்ட்டுக்கு அங்கே அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. அந்த வழக்கு அன்றைக்கே தீர்ந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இரண்டாம் படி: இயந்திரமும் இடமும்

லாங்ஆர்ம் இயந்திரம் பத்து முதல் பன்னிரண்டு அடி நீளமுள்ள சட்டத்தின் மேல் ஓடும். துணி உருளைகளில் இழுத்துக் கட்டப்பட்டு அசையாமல் இருக்கும், தையல் தலையை நாம் நகர்த்துகிறோம். வீட்டு இயந்திரத்துக்கு நேர் எதிர் இது. கமில், ஹேண்டி குயில்ட்டர், ஏபிக்யூஎஸ், இன்னோவா போன்ற தயாரிப்பாளர்களின் பெயர்களை அடிக்கடி கேட்பீர்கள். கணினி வசதியோடு புதிதாக வாங்கினால் காரின் விலை ஆகிவிடும்.

அதனால் முதலில் வாங்காதீர்கள். குயில்ட் கடைகள் சிலவற்றில் பயிற்சி எடுத்துக்கொண்டு லாங்ஆர்ம் இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்குப் பயன்படுத்தலாம். ஓராண்டு அப்படித் தைத்துப் பாருங்கள். நாள் முழுக்க நின்று செய்யும் வேலை இது, உங்கள் முதுகும் முழங்காலும் ஒத்துக்கொள்கின்றனவா என்பதும் தெரிந்துவிடும். பிறகு ஓய்வு பெறும் ஒருவரிடமிருந்து பழைய இயந்திரத்தை வாங்குவது நல்ல வழி. என்னுடையது அப்படி வந்ததுதான். தையல் நீளத்தைத் தானே சீராக வைக்கும் வசதி, அதாவது ஸ்டிச் ரெகுலேட்டர், அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

பன்னிரண்டடிச் சட்டத்துக்கு, சுற்றி நடக்கும் இடத்தோடு சேர்த்து, சுமார் 14 அடிக்கு 10 அடி அறை தேவை. நிலவறையின் சிமென்ட் தரை அதிர்வைத் தாங்கும். சட்டம் மட்டம் தப்பியிருந்தால் இயந்திரத் தலை தானாக ஒரு பக்கம் உருளும். ரசமட்டம் வைத்துக் கால்களைச் சரிசெய்யுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடியும் பாருங்கள்.

மூன்றாம் படி: தாள் வேலைகள்

துணைவர் விசாவில் வந்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: வேலை அனுமதி இல்லாமல் ஒரு குயில்ட்டுக்குக்கூடப் பணம் வாங்கக் கூடாது. 2015 மே மாதம் முதல் எச்-4 விசாவில் உள்ளவர்களில் ஒரு பிரிவினர், துணைவரின் ஐ-140 மனு (கிரீன் கார்டுக்காக வேலை தருபவர் போடுவது) ஏற்கப்பட்டிருந்தால், அந்த அனுமதிக்கு விண்ணப்பிக்க முடிகிறது. அது கையில் வரும்வரை உங்களுக்கும் நண்பர்களுக்கும் அன்பளிப்பாகத் தைத்துக் கையைப் பழக்குங்கள்.

அனுமதி வந்த பிறகு செய்ய வேண்டியவை பெரிய சுமை இல்லை. வரித்துறையின் இணையதளத்தில் தொழிலுக்கான அடையாள எண் இலவசமாகக் கிடைக்கும். ஆண்டு நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டாலே சுயதொழில் வரிக் கணக்குக் காட்ட வேண்டும், அதன் விகிதம் 15.3 சதவீதம். தையல் கூலிக்கும் பேட்டிங் விற்பனைக்கும் விற்பனை வரி உண்டா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். குடியிருப்புச் சங்கம் வீட்டில் தொழில் செய்ய விடுகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்பீட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு வாடிக்கையாளரின் பொருளுக்குப் பொறுப்பேற்காமல் போகலாம். நிலவறையில் தண்ணீர் புகுந்தால் உங்கள் துணி மட்டும் நனையாது, அலமாரியில் காத்திருக்கும் பதினைந்து பேருடைய துணியும் நனையும். பிறர் பொருளுக்கான பாதுகாப்பு வேண்டுமென்று முகவரிடம் தெளிவாகச் சொல்லி, எழுத்தில் வாங்குங்கள்.

நான்காம் படி: பதிவேடு

இத்தனை ஆண்டுகளில் என்னைக் காப்பாற்றியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மேல்துணி வந்தவுடன், வாடிக்கையாளர் பக்கத்தில் இருக்கும்போதே அதை மேசையில் விரித்து அளந்துவிடுங்கள். அகலத்தையும் நீளத்தையும் ஓரத்தில் மட்டும் அளந்தால் போதாது. இடது, நடு, வலது என மூன்று இடங்களில் அளந்து எழுதுங்கள். நடுவில் 80 அங்குலம், ஓரத்தில் 82 அங்குலம் என்று வந்தால் அந்த இரண்டு அங்குலம் தைக்கும்போது சுருக்கமாகவோ மடிப்பாகவோ வெளியே வரும். அதை அப்போதே நேரில் காட்டிச் சொன்னால் ஆலோசனை. தைத்து முடித்தபின் சொன்னால் அது சாக்குப்போக்காகிவிடும்.

பிறகு பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பிரிந்த இணைப்புகள், தொங்கும் நூல்கள், வெள்ளைத் துணிக்கடியில் ஓடும் சிவப்பு நூல் எல்லாம் தெரியும். எது மேல்பக்கம் என்று கேட்டு ஒரு பாதுகாப்பு ஊசியைக் குத்தி வையுங்கள். பூக்களும் பறவைகளும் உள்ள துணியில் இதை விட்டுவிட்டால் பறவைகள் தலைகீழாகப் பறக்கும். நூல் நிறம், தையல் வடிவம், பேட்டிங் வகை, தர வேண்டிய நாள், ஒப்புக்கொண்ட விலை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நான்கு மூலைகளையும் படம் எடுத்து வையுங்கள்.

அடித்துணிக்கு ஒரே விதிதான்: நான்கு பக்கமும் மேல்துணியைவிட நான்கு அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். 60க்கு 80 அங்குல மேல்துணி என்றால் அடித்துணி 68க்கு 88. இதைவிடச் சிறிதாகக் கொண்டுவந்தால், எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், திருப்பி அனுப்பிவிடுகிறேன். நெருக்கமான நெசவுள்ள படுக்கை விரிப்பையும் அடித்துணியாக வாங்குவதில்லை. ஊசி தடுமாறும், தையல் விட்டுப்போகும்.

ஐந்தாம் படி: ஏற்றுதல்

அடித்துணியை முதலில் உருளைகளில் கட்டுங்கள். இரண்டு துண்டுகளை இணைத்த அடித்துணியாக இருந்தால், இணைப்பு உருளைக்கு இணையாகக் கிடக்கும்படி ஏற்றுவது நல்லது. குறுக்கே விழுந்தால் உருளையில் சுற்றச் சுற்ற அந்த இடம் மட்டும் தடித்து, இரு பக்கமும் தொய்யும். இணைக்கும்போது துணியின் கரையை வெட்டிவிட்டார்களா என்றும் பாருங்கள். கரை சுருங்கி இழுத்துக்கொண்டே இருக்கும்.

அதன் மேல் பேட்டிங், அதன் மேல் மேல்துணி. மேளத் தோல் போல இறுக்க வேண்டாம். அடியிலிருந்து விரலால் தள்ளினால் மேலே விரல் நுனியின் வடிவம் தெரிய வேண்டும். அவ்வளவு இறுக்கம் போதும். மேல் ஓரத்தை நேராக வைத்துத் தளர்தையல் போடுங்கள். பிறகு கீழே நகர நகர இரு பக்கமும் பதிவேட்டில் எழுதிய நடு அளவுக்குக் கட்டுப்படுத்திக்கொண்டே வாருங்கள். அந்த 82 அங்குல ஓரம் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக 80-க்குள் அடங்கும்.

ஆறாம் படி: நூல் இறுக்கம்

புதியவர்கள் அழுவது இந்த இடத்தில்தான். நானும் அழுதிருக்கிறேன். தொடங்கிய முதல் ஆண்டில் ஒரு பெரிய குயில்ட்டைப் பாதிவரை தைத்துவிட்டு அடியில் குனிந்து பார்த்தேன். வளைவுகளில் எல்லாம் கீழ்நூல் கம்பி போல நேராகக் கிடந்தது, மேல்நூல் சுழிசுழியாக அதன்மேல் தொங்கியது. இரண்டு நாள் பிரித்தேன். அன்றிலிருந்து முதல் இரண்டு அடி தைத்ததும், கீழ்நூல் சுற்றிய பாபினை மாற்றும் ஒவ்வொரு முறையும், கைவிளக்கை எடுத்துக்கொண்டு சட்டத்துக்கு அடியில் போகிறேன்.

பாபின் பெட்டியை உள்ளங்கையில் படுக்க வைத்து நூலை மேலே இழுங்கள். பெட்டி எழுந்து நிற்க வேண்டும், ஆனால் கையை விட்டு மேலே கிளம்பக் கூடாது. கிளம்பினால் இறுக்கம் அதிகம், எழவே இல்லை என்றால் குறைவு. கீழ்நூலை முதலில் சரிசெய்துவிட்டு, பிறகு மேல்நூலின் திருகை அதற்கேற்ப வையுங்கள். அடித்துணியின் ஓரத்தில் மிஞ்சும் நான்கு அங்குலம் இந்தச் சோதனைக்கும்தான் இருக்கிறது. அங்குலத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டு தையல் என்பது பொதுவான அளவு. ஒவ்வொரு குயில்ட்டுக்கும் புதிய ஊசி போடுங்கள், பாபின் மாற்றும்போதெல்லாம் பஞ்சைத் துடையுங்கள். எண்ணெய் விடுவதை மறக்காதீர்கள்.

ஏழாம் படி: விலை

கூலி சதுர அங்குலக் கணக்கு. அகலத்தை நீளத்தால் பெருக்கி, சதுர அங்குல விலையால் பெருக்குங்கள். 60க்கு 80 என்றால் 4,800 சதுர அங்குலம். நான் தொடங்கியபோது ஒன்றரை சென்ட் வாங்கினேன், 72 டாலர். ஏற்ற ஒரு மணி நேரம், தைக்க மூன்றரை மணி, நூல், ஊசி, பேச்சு, கணக்கு எல்லாம் போக மிஞ்சியதை மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது. இன்று இரண்டரை சென்ட், 120 டாலர். இது ஒரே வடிவம் ஓரம் முதல் ஓரம்வரை திரும்பத் திரும்ப ஓடும் தையலுக்கு. கட்டத்துக்குக் கட்டம் வேறு வேறு வடிவம் வேண்டுமென்றால் நேரம் பல மடங்கு ஆகும், விலையும் அப்படியே. பேட்டிங், ஓரப்பட்டை ஆகியவற்றுக்குத் தனிக் கணக்கு.

தெரிந்தவர்களுக்குக் குறைத்துத் தைக்காதீர்கள். நம் பெண்களுக்கு இது கடினம் என்று தெரியும். ஒருவருக்குத் தர விரும்பினால் முழு அன்பளிப்பாகத் தாருங்கள். பாதி விலைக்குச் செய்தால், அதே ஊரில் இதையே நம்பி வாழும் இன்னொருத்தியின் கூலியையும் சேர்த்துக் குறைக்கிறீர்கள்.

எட்டாம் படி: வரிசை

மிசோரி மாநிலத்து ஹாமில்டன் ஊரின் கதை குயில்ட் உலகில் பலருக்கும் தெரியும். ஜென்னி டோன் தைக்கக் கொடுத்த மேல்துணி நீண்ட வரிசையில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தது. இவ்வளவு தேவை இருக்கிறதா என்று வியந்த பிள்ளைகள் தாய்க்கு லாங்ஆர்ம் இயந்திரம் வாங்கித் தந்தார்கள். 2008-இல் அப்படித் தொடங்கிய மிசோரி ஸ்டார் நிறுவனத்தால் அந்தச் சிற்றூரே குயில்ட் ஊராக மாறியது.

அதில் நமக்கும் செய்தி உண்டு. வேலை வரும், காலம் தவறினால் போய்விடும். வாரத்துக்கு எத்தனை முடிக்க முடியும் என்று கணக்கிட்டு, அதில் ஒன்றைக் குறைத்து ஒப்புக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் கிறிஸ்துமஸ்வரை எல்லோருக்கும் அவசரம். நான் செப்டம்பர் இறுதியில் அந்த ஆண்டின் வரிசையை மூடிவிடுகிறேன். முதல் ஆண்டில் பதினோரு குயில்ட், பெரும்பாலும் கில்டு பெண்களுடையவை. மூன்றாம் ஆண்டில்தான் அறிமுகமே இல்லாதவர்கள் வந்தார்கள். இயந்திரத்தின் விலையை எடுக்க ஐந்து ஆண்டுகள் ஆயின. விளம்பரத்துக்குப் பணம் செலவிட்டதே இல்லை. ஒவ்வொரு குயில்ட்டையும் பார்த்த யாரோ ஒருவர் அடுத்ததைக் கொண்டுவந்தார்.

கடைசியாக: இறந்தவர்களின் மேல்துணி

இதைப் பற்றி எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தாயோ பாட்டியோ தைத்து முடிக்காமல் விட்டுப்போன மேல்துணியை, பெட்டியிலிருந்து எடுத்து, பிள்ளைகள் கொண்டுவருவார்கள். ஓரம் அலைபாயும், கட்டங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தா, நடுவில் கறை இருக்கும். துவைத்துக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். மூன்றடுக்காகத் தைக்கப்படாத பழைய துணி தண்ணீரில் இழை பிரியும், சாயம் இறங்கும். உங்களிடமுள்ள மெல்லிய ஊசியையும் மெல்லிய நூலையும் எடுங்கள். நெருக்கமான தையல் வேண்டாம். இடைவெளிவிட்டு ஓடும் எளிய வளைவு போதும், பார்ப்பவர் கண்ணுக்கு அந்தக் கையின் தையல்தான் தெரிய வேண்டும். கோணலான கட்டத்தைப் பிரித்து நேராக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் தொடுங்கள். பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள்.

ஓரத்தில் வெட்டி எடுக்கும் பட்டைகளைக் குப்பையில் போடாமல் ஒரு பையில் போட்டு, குயில்ட்டோடு சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். அவர்கள் வாங்க வரும் நாளில் அடுத்த வாடிக்கையாளருக்கு நேரம் கொடுக்காதீர்கள். சற்று நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவார்கள்.