பைதன் 2இல் கிடக்கும் கடைக் கணக்கை 3க்கு மாற்றுவது: உதவிக்கு ஆள் கூப்பிட முன்

பைதன் என்ற நிரல்மொழியின் 2ஆம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதியோடு முடிந்தது. கொழும்பு புறக்கோட்டைக் கடையொன்றின் ஸ்டொக்கையும் பில்லையும் பார்க்கும் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) ஒன்று உங்களிடம் இன்னும் 2இன் கடைசிப் பதிப்பான 2.7இல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பைதன் தெரிந்த இரண்டு பேர் ஒரு போயா (பௌர்ணமி) லீவில் வெள்ளவத்தையில் உங்களோடு உட்காரச் சம்மதித்தால் பெரிய உதவி. ஆனால் வெறுங்கையோடு போனால் அரைநாள் வீண்.

1. நிரலைத் தொடமுன் அதைக் கிட்டில் (Git, நிரலின் ஒவ்வொரு நிலையையும் சேமித்துவைக்கும் மென்பொருள்) கமிட் செய்யுங்கள், அதாவது இப்போதுள்ளபடி பதிந்துவையுங்கள். பிறகு ஒரு மாதத் தரவை எடுத்து, வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண்களையும் தொலைபேசி எண்களையும் பொய் எண்களாக மாற்றுங்கள். இலக்க எண்ணிக்கையும் முதலில் வரும் பூச்சியமும் அப்படியே இருக்கட்டும். அந்தத் தரவை 2.7இலேயே ஓட்டி, வரும் விடையைத் தனிக் கோப்பில் வையுங்கள். மாற்றம் சரியா பிழையா என்று சொல்ல இதைவிட வேறு சாட்சி இல்லை.

2. அதே 2.7ஐ ‘-3’ என்ற தெரிவோடு ஓட்டுங்கள். முழு எண் வகுத்தல் நடக்கும் வரிகளையெல்லாம் எச்சரிக்கையாகக் காட்டும். அந்தப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

3. பைதன் 2 நிரலை 3க்கு மாற்றித்தரும் டூ-டு-த்ரீ (2to3) கருவியை ஓட்டுங்கள். பைதன் 3.13இல் அது நீக்கப்பட்டுவிட்டதால் 3.12 அல்லது அதற்கு முந்தையது வேண்டும். பிரிண்டுக்கு அடைப்புக்குறி, ரோ இன்புட்டை (raw_input) இன்புட் (input) ஆக்குவது போன்ற சில்லறை வேலைகளை அது முடித்துவிடும்.

4. எரர் காட்டுகிற வரிகளைத் திருத்துவது சுகம். சத்தமில்லாமல் விடை மாறும் இடங்கள்தான் ஆபத்து. 50 பொருள், பெட்டிக்கு 12 என்றால் பழைய பைதன் 4 பெட்டி என்றது, புதியது 4.1666 என்று நீட்டும். முழுப் பெட்டிதான் வேண்டுமென்றால் இரட்டைச் சாய்கோடு (//) போடவேண்டும். சராசரி விலை என்றால் ஒற்றையே சரி. உதவ வருகிறவருக்குப் பைதன் தெரியும். அந்த வரி பெட்டியை எண்ணுகிறதா விலையைப் பிரிக்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறித்துக்கொண்டு போங்கள்.

தசமத்தை முழு எண்ணாக்கும் ரவுண்டும் (round) அப்படித்தான். 12.5ஐப் பைதன் 2.7 ஆனது 13 ஆக்கும், பைதன் 3 ஆனது 12 ஆக்கும். சரிபாதி வந்தால் இரட்டை எண் பக்கம் சாய்வது பைதன் 3இன் வழக்கம். பில்லுக்குத் தசமக் கணக்குக்கான டெசிமல் (decimal) மொட்யூலைப் பாவியுங்கள்.

கொழும்பின் தொலைபேசிக் குறியீடான 011ஐ யாராவது மேற்கோள்குறி இல்லாமல் எழுதியிருந்தால் இன்னொரு வேடிக்கை: 2.7 அதை எண்மமாக (எட்டை அடியாகக் கொண்ட எண்ணாக) வாசித்து 9 என்று எடுக்கும். 3 அதை ஏற்காது. ஆனால் டூ-டு-த்ரீ அதை 3இன் எண்ம வடிவத்துக்கு மாற்றி, பழைய பிழையைப் பத்திரமாகக் காப்பாற்றிவிடும்! தொலைபேசி எண் என்றைக்கும் சரமாகவே (மேற்கோள்குறிக்குள் எழுத்தாகவே) இருக்கவேண்டும்.

5. தமிழ் எழுத்து. யூடிஎஃப்-8 (UTF-8, யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் ஒரு முறை) கோப்பில் ‘கொழும்பு’ என்ற சாதாரணச் சரத்தின் நீளம் 2.7இல் 24, 3இல் 8. முன்னது பைட்டுகளை எண்ணுகிறது, பின்னது குறியீடுகளை. ‘கொ’வின் கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டப்பட்டிருந்தால் 9 வரும், பெயர் தேடும்போது பொருந்தாது. யூனிகோட் டேட்டா (unicodedata) மொட்யூலில், பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங்கை (எழுத்து எந்த முறையில் சேமிக்கப்பட்டது என்பதை) எழுதுங்கள். விண்டோஸில் எழுதாமல் விட்டால் தமிழ் குப்பையாகலாம்.

6. இடையில் கேள்வி அனுப்பும்போது ஒரு செய்திக்கு ஒரு சிக்கல் போதும். பிழையைக் காட்டும் பதினைந்து வரி, முழு ட்ரேஸ்பேக் (பிழை வந்த வழியைப் பைதன் காட்டும் செய்தி), பைதன் பதிப்பு எண். வட்ஸ்அப்பில் திரையைப் படம்பிடித்து அனுப்பாதீர்கள். அதை எவராலும் கொப்பி செய்து ஓட்டிப் பார்க்க முடியாது.

7. கடைசியில் பைதன் 3 தரும் விடையை முதலாம் படியில் வைத்த கோப்போடு வரிவரியாக ஒப்பிடுங்கள். வேறுபடும் ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதிய பிறகு கடைக் கணனியில் போடுங்கள். 2.7ஐ ஒரு மாதத்துக்கு அழிக்கவேண்டாம்.