தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு எடைகுறைப்பு ஊசியோடு வருகிறீர்களா? பழைய டோஸை அப்படியே தொடராதீர்கள்

வேலை விசா, வாடகை வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளி என்று மற்றதைப் பற்றியெல்லாம் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். சூட்கேஸுக்குள் துணிக்கு நடுவே ஐஸ் பாக்கெட் சுற்றிக்கொண்டு வரும் பேனா ஊசியைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. வாரம் ஒருமுறை போடும் எடைகுறைப்பு ஊசிகளான மௌன்ஜாரோவும் வெகோவியும் இந்தியாவில் 2025 மார்ச்சிலும் ஜூனிலும் விற்பனைக்கு வந்தன. அதற்கப்புறம் ஊரிலிருந்து இங்கே வருகிறவர்கள் கூட்டத்தில் இந்த ஊசி போட்டுக்கொள்கிற ஒருவராவது இருக்கிறார். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். "நடக்கிறேன், சோறு குறைத்துவிட்டேன்" என்பார்கள். சரி, அது அவரவர் விருப்பம். ஆனால் டாக்டரிடமும் பாதியை விழுங்கிச் சொல்வதுதான் வினை.

முதலில் நடைமுறையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஊர் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இங்குள்ள மருந்துக்கடையில் செல்லாது. இங்குள்ள மருத்துவக் கவுன்சிலான எச்பிசிஎஸ்ஏ-வில் பதிவு செய்த டாக்டர் எழுதிய ஸ்கிரிப்ட் (மருந்துச் சீட்டு) வேண்டும். அதில் ரிப்பீட் போட்டுக் கொடுத்தால் ஆறு மாதம் வரை வாங்கலாம், அப்புறம் திரும்ப டாக்டரைப் பார்க்க வேண்டும். காலி பெட்டியைக் காட்டி "அண்ணே, இதே ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கும் நம்ம தெருமுனை மெடிக்கல் ஷாப்பை இங்கே தேடாதீர்கள். எனக்கு இன்னமும் அந்த அண்ணனின் கடை நினைவுக்கு வரும். ஆனால் இந்த விஷயத்தில் இங்குள்ள கெடுபிடிதான் நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

மெடிக்கல் எய்ட் என்ற இங்குள்ள மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்த அன்றே எல்லாவற்றுக்கும் பணம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மூன்று மாதம் வரை பொதுக் காத்திருப்பு, ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பன்னிரண்டு மாதம் வரை காத்திருப்பு என்று போட ஸ்கீம்களுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. சர்க்கரை நோய் அவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது. உடல் பருமன் இல்லை. அதனால் எடைக்காக மட்டும் ஊசி போடுகிறவர் பெரும்பாலும் கைக்காசுதான் போட வேண்டியிருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் நண்பர் ஒருவர், கோயம்புத்தூர்க்காரர், துறைமுகம் சார்ந்த வேலைக்காக இங்கே வந்தார். ஊரில் மௌன்ஜாரோ 10 மி.கி. வரை ஏறியிருந்தார். விசா இழுத்தடித்தது, அப்புறம் வீடு மாற்றம், விடைபெறும் விருந்துகள் என்று ஊசி நின்றுபோனது. இங்கே வந்து டாக்டரைத் தேடிப் பிடிப்பதற்குள் கடைசி ஊசி போட்டு ஒன்றரை மாதம் தாண்டிவிட்டது. எடை திரும்ப ஏறத் தொடங்கிய பதற்றத்தில் ஒரு எடைகுறைப்பு கிளினிக்கில் நேரம் வாங்கினார். அங்கே கொடுத்த படிவத்தில் "தற்போதைய டோஸ்" என்று ஒரு கட்டம். இவர் 10 என்று எழுதினார். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. உள்ளே இருந்தவரும் கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் 10 மி.கி. பேனாவுக்கு ஸ்கிரிப்ட் கைக்கு வந்தது. இதை எழுதும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. ஊரில் சாதாரண பிரஷர் மாத்திரைக்குக்கூட "விடாமல் போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவார்கள்.

வெள்ளிக்கிழமை இரவு ஊசி போட்டார். சனிக்கிழமை அலுவலக நண்பர்களோடு பன்னி சௌ சாப்பிடப் போனார். அது டர்பன் பெருமை, நான் குறை சொல்ல மாட்டேன். பிரெட்டைக் குடைந்து உள்ளே ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றித் தருவார்கள், கொழுப்பு மிதக்கும். மாலையில் தொடங்கிய வாந்தி நிற்கவில்லை. தண்ணீர் குடித்தால் தண்ணீரும் வெளியே. மறுநாள் எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருந்தார். சரியாகவில்லை, ஏனென்றால் இது மறுநாள் இறங்குகிற மருந்து இல்லை. உடலில் இருப்பது பாதியாகக் குறையவே ஐந்து நாள் பிடிக்கும். வெகோவியிலும் ஓசெம்பிக்கிலும் உள்ள செமாகுளூட்டைடுக்கு ஒரு வாரம். உள்ளே போன டோஸைத் திரும்ப எடுக்க வழி கிடையாது. திங்கட்கிழமை தலை சுற்றி விழப் போனவரைத்தான் நான் தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். நீர்ச்சத்து வற்றி, சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்தது. டிரிப்ஸ் ஏற்றினார்கள். காத்திருப்புக் காலம் முடியாததால் மெடிக்கல் எய்ட் கைவிரித்துவிட்டது. அட்மிஷன் மேசையிலேயே முன்பணம் கேட்டார்கள். வாடகை அட்வான்ஸ் கொடுத்து மிச்சமிருந்த பணம் அப்படியே போனது.

ஏன் இப்படி ஆயிற்று என்று அங்கிருந்த டாக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இந்த மருந்துகள் மூளையில் பசியை அடக்குவதோடு, இரைப்பையிலிருந்து உணவு கீழே இறங்குவதையும் மெதுவாக்குகின்றன. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் எல்லாம் அதோடு சேர்ந்து வருபவை. உடம்பு இதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும். அதற்காகத்தான் படிப்படியாக ஏற்றுகிறார்கள். மௌன்ஜாரோ என்றால் 2.5 மி.கி.யில் தொடங்கி நான்கு வாரம், பிறகு 5. மேலே போக வேண்டுமானால் 7.5, 10, 12.5, 15 என்று ஒவ்வொன்றிலும் குறைந்தது நான்கு வாரம். வெகோவி என்றால் 0.25, 0.5, 1, 1.7, 2.4. முதல் படி எடையைக் குறைக்கக் கொடுப்பதே இல்லை, வயிற்றைப் பழக்குவதற்குத்தான். நான்கு வாரம் என்ற கணக்கும் சும்மா வந்ததில்லை. வாரா வாரம் போடும் மருந்து இரத்தத்தில் ஒரு நிலையான அளவுக்கு வர ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். அதற்கு முன் ஏற்றினால் பழைய டோஸ் என்ன செய்தது என்பதே தெரியாது.

இடைவெளி விழுந்தால் இதெல்லாம் தலைகீழ். மருந்து உடலைவிட்டுப் போய்விடும், பழக்கமும் அதோடு போய்விடும். ஒன்றரை மாதம் விட்டவரின் வயிறு ஏறக்குறைய புது வயிறு. அதில் நேராக 10 மி.கி. என்றால், தொடக்க டோஸைப்போல நான்கு மடங்கு. ஒரு ஊசி தவறினால் பெரிய பிரச்சினை இல்லை. மௌன்ஜாரோவை நான்கு நாளுக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம், தாண்டிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த முறைநாளில் போட வேண்டும், இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. ஆனால் இரண்டு மூன்று ஊசி தொடர்ந்து தவறியிருந்தால், அதே டோஸா, ஒரு படி கீழா, ஆரம்பத்திலிருந்தா என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். எத்தனை வாரம் விட்டது, எந்த டோஸில் இருந்தீர்கள், முன்பு ஏற்றியபோது வயிறு எப்படி இருந்தது, இதை எல்லாம் வைத்துத்தான் அவர் சொல்வார். சாக்செண்டா போன்ற தினசரி ஊசியில் இது இன்னும் கண்டிப்பு. மூன்று நாளுக்கு மேல் விட்டாலே தொடக்க டோஸான 0.6 மி.கி.யிலிருந்து தொடங்கச் சொல்லிவிடுவார்கள்.

நண்பருக்கு 2.5-க்குத் திரும்பப் போகச் சொன்னபோது, பத்தாம் வகுப்பு முடித்தவனை எல்.கே.ஜி.யில் உட்கார வைத்ததுபோல முகம் சுருங்கிவிட்டது. 10 மி.கி. பேனாவில் இன்னும் மூன்று டோஸ் இருந்தது, அதைக் கொஞ்சமாகத் திருகி, 'கிளிக்' எண்ணிப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் டாக்டர். அந்தப் பேனா முழு டோஸுக்காக அளந்து செய்தது, முதல் ஊசி போட்ட நாளிலிருந்து முப்பது நாளுக்கு மேல் அதை வைத்துக்கொள்ளவும் கூடாது. நான்கு டோஸ் முடிந்த பிறகும் உள்ளே கொஞ்சம் மருந்து தெரியும். அதையும் சிரிஞ்ச் வைத்து உறிஞ்சி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு மிச்சம் எதையும் கீழே ஊற்ற மனம் வராது, தெரியும். இதில் மட்டும் பேனாவோடு தூக்கிப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

சிரிஞ்ச் என்றதும் இன்னொன்று. ஊரிலிருந்து குப்பி மருந்து கொண்டு வருகிறவர்கள், சிரிஞ்ச் தீர்ந்ததும் இங்கே கடையில் இன்சுலின் சிரிஞ்ச் வாங்குகிறார்கள். ஊரில் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்ச் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இங்கே கிடைப்பது 100 யூனிட் சிரிஞ்ச். ஊர் சிரிஞ்சில் 20 கோடு என்பது அரை மில்லி. இங்குள்ளதில் அதே 20 கோடு 0.2 மில்லிதான். "எனக்கு 20 யூனிட்" என்று யாராவது சொன்னால் அதற்கு அர்த்தமே கிடையாது. எந்தச் சிரிஞ்ச், குப்பியில் மில்லிக்கு எத்தனை மி.கி. என்று கேட்டால்தான் கணக்கு வரும். டாக்டரிடம் எப்போதும் மி.கி.யில் பேசுங்கள்.

நல்ல டாக்டர் டோஸை ஏற்றுவதற்கு முன் என்ன பார்ப்பார் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லலாம். இப்போதைய டோஸிலேயே எடை இறங்கிக்கொண்டிருந்து, வயிறும் ஒழுங்காக இருந்தால் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. கடைசிப் படி வரை ஏறியே தீர வேண்டும் என்று சட்டம் ஒன்றும் கிடையாது. குமட்டல் அடங்கவில்லையென்றால் இன்னும் நான்கு வாரம் அதே படியில் நிறுத்துவார், அல்லது ஒரு படி இறக்குவார். சர்க்கரைக்கு கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாப்பாடு குறையும்போது சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும். ஊசியைக் கூட்டும்போது அந்த மருந்தைக் குறைக்க வேண்டியிருக்கும். எடை இறங்க இறங்க பிரஷர் மாத்திரையையும் திரும்பப் பார்க்க வேண்டும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு மௌன்ஜாரோ தொடங்கும்போதும் ஒவ்வொரு முறை டோஸ் ஏறும்போதும் நான்கு வாரம் வேறு பாதுகாப்பும் வேண்டும், மாத்திரை சரியாக உடலில் சேராமல் போகலாம். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் மௌன்ஜாரோவை ஒரு மாதம் முன்பே, வெகோவியை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் கடும் வலி வந்தால் அடுத்த டோஸைப் பற்றி யோசிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், கணைய வீக்கமாக இருக்கலாம்.

இங்கே டுரோமின் என்ற பழைய எடைகுறைப்பு மாத்திரையும் புழக்கத்தில் இருக்கிறது. அது வேறு வகை, நாடித்துடிப்பையும் பிரஷரையும் ஏற்றக்கூடியது, குறுகிய காலத்துக்கு மட்டும் கொடுப்பது. அலுவலகத்தில் யாராவது "எடுத்துப் பாருங்க" என்று நீட்டினால் வாங்காதீர்கள்.

அப்புறம் விரதம். ஊரைவிட்டு வந்தால் இதெல்லாம் தளர்ந்துவிடும் என்று நினைத்துத்தான் வந்தேன், நடந்தது நேர்மாறு. 1860-இல் கப்பல் ஏறி வந்தவர்களின் வம்சம், தமிழ் பேசத் தெரியாவிட்டாலும் புரட்டாசியைச் சுத்தமாகக் கடைப்பிடிக்கிறார்கள், காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஆண்ட்டி என்னைப் பார்த்து, "நீ இந்தியாவிலிருந்து வந்தவன்தானே, இன்னும் மீன் வாசம் வருதே?" என்று ஆங்கிலத்தில் திட்டுவார். நண்பர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று கரைத்த கஞ்சியோடு வந்ததும் அவர்தான். அவரோடு சேர்ந்து விரதம் இருப்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஊசி போடுகிறவர் டோஸ் ஏற்றும் வாரத்தையும் விரத வாரத்தையும் ஒன்றாக வைத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீரும் குறைந்து, வாந்தியும் சேர்ந்தால் சிறுநீரகம்தான் அடி வாங்கும். தேதியை டாக்டரிடம் சொன்னால் ஏற்றுவதைத் தள்ளிப்போடுவார், அதில் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

முதல் தடவை டாக்டரைப் பார்க்கும்போது ஊர்ச் சீட்டு, காலிப் பெட்டியின் படம், எந்தத் தேதியில் எத்தனை மி.கி. என்று எழுதிய தாள், இதெல்லாம் கையில் இருக்கட்டும். கடைசி ஊசித் தேதியைப் பெரிதாக மேலே எழுதுங்கள். இடுப்புச் சுற்றளவையும் சொல்லுங்கள். இங்குள்ள டாக்டர் பெரும்பாலும் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 30, வேறு நோய் இருந்தால் 27 என்ற அளவுகோலை வைத்துப் பார்ப்பார். ஊரில் நமக்கு 25-ஐயே பருமன் என்று எடுத்துக்கொள்கிறார்கள், ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. இடுப்பு தாண்டினாலே எச்சரிக்கை. "உங்களுக்கு எதற்கு இந்த ஊசி?" என்று அவர் கேட்டால் கோபப்படாமல் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நண்பர் இப்போது 5 மி.கி.யில் இருக்கிறார், புது டாக்டர் மேலே ஏற்ற மறுக்கிறார், எடை மெதுவாக இறங்குகிறது, இவர் முனகுகிறார். இந்த நாட்டில் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை பல டாக்டர்கள் விடுமுறையில் போய்விடுவார்கள். உங்கள் ஆறு மாத ஸ்கிரிப்ட் அந்த நேரத்தில் முடிகிறதா என்று இப்போதே பாருங்கள், அப்படியென்றால் டிசம்பர் முதல் வாரத்திலேயே புதுப்பித்துவிடுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் டாக்டரின் கடிதத்தோடு மருந்தைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போட்டால் உறைந்துவிடலாம், உறைந்த பேனா குப்பைக்குத்தான்.