ஜார்ஜ்டவுனில் ஐந்து வேலை நாள்: கயானா காப்பகத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேடு தேடுவது எப்படி

1838 முதல் 1917 வரை ஏறத்தாழ 2,39,000 இந்தியர்கள் தென் அமெரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் கயானாவின் (இன்றைய கயானா) கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள். சென்னையிலிருந்து போனவர்கள் சிறு பங்குதான். அந்தச் சிறு பங்கைத் தேடுவோர் கயானாவின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் முதலில் போக வேண்டிய இடம், ஹோம்ஸ்ட்ரெச் அவென்யூவில் உள்ள வால்டர் ராட்னி தேசிய ஆவணக் காப்பகம்.

ஒரு வாரத்தில் வேலை முடியுமா என்பது புறப்படும் முன்பே முடிவாகிவிடும். குடியேறியோர் பதிவேடுகளைக் கப்பலை வைத்துத்தான் தேட வேண்டும். ஆள் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போனால் ஐந்து நாளும் பதிவேட்டுக் கட்டுகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதிலேயே போய்விடும். கப்பல் பெயர், வந்து சேர்ந்த ஆண்டு, குடியேறியோர் எண் (ஒவ்வொருவருக்கும் பதிவில் தந்த எண்) ஆகிய மூன்றையும் முன்கூட்டியே பிடிக்கப் பாருங்கள். அங்குள்ள வம்சாவளியினரின் பழைய பிறப்புச் சான்றிதழ்களில் பெற்றோரின் எண்ணும் கப்பலும் குறித்திருப்பது வழக்கம். அந்தக் குடும்பத்தாரிடம் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. ஆளுநர்களின் கடிதப் போக்குவரத்து லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், சிஓ 111 என்ற காலனி அலுவலக ஆவண வரிசையில் இருக்கிறது. அதற்காக ஜார்ஜ்டவுன் நாட்களைச் செலவிடாதீர்கள்.

பலரும் தடுமாறுவது பெயரில்தான். எழுத்தர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். முனுசாமி மூன்சாமி ஆனார், பெருமாள் பெர்மால் ஆனார். இன்றும் அங்கே குடும்பப் பெயர்களாக இவை வழங்குகின்றன. உயிரெழுத்தை நம்பாதீர்கள். பெயரின் மெய்யெழுத்துகளை மட்டும் தாளில் எழுதி, அந்த வரிசையோடு பக்கத்தை ஒப்பிடுங்கள்: முனுசாமிக்கு ம், ன், ச், ம். வீராசாமி போன்ற பெயர் ஆங்கிலத்தில் வி, டபிள்யூ, பி என்று எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். பெயர் பொருந்திவிட்டது என்பதற்காக ஆளும் அவர்தான் என்று முடிவு கட்டக் கூடாது. ஒரே கப்பலில் நான்கு ராமசாமிகள் இருப்பார்கள். குடியேற்றச் சீட்டு (கப்பல் ஏறும்போது ஒவ்வொருவருக்கும் எழுதிய அடையாளச் சீட்டு) கிடைத்தால் தந்தை பெயர், வயது, உயரம், உடலில் உள்ள தழும்பு, கிராமம் ஆகியவற்றில் குறைந்தது மூன்று ஒத்துப்போக வேண்டும். கிராமப் பெயரும் காதில் விழுந்தபடிதான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க இன்றைய மாவட்ட வரைபடம் உதவாது. வட ஆற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர் என்ற பழைய ஜில்லாக்களின் தாலுகா பட்டியலைக் கைவசம் வைத்திருங்கள்.

செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். மே வேண்டாம்: 1, 5, 26 மூன்று தேதிகளும் அரசு விடுமுறை, மாதக் கடைசியில் மழையும் பிடித்துக்கொள்ளும். அந்த 5ஆம் தேதி, 1838இல் இந்தியத் தொழிலாளர்களோடு முதல் இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்த நாள். கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த நகரம் என்பதால் பலத்த மழையில் தெருக்களில் தண்ணீர் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை ஊரே அடங்கிக் கிடக்கும். அன்று குறிப்புகளைத் தட்டச்சு செய்யலாம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டுவிடுங்கள். சான்றிதழ் இல்லாமல் கயானாவிலிருந்து நேராக இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம். அமெரிக்கா வழியாக டிக்கெட் எடுத்தால், இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு விமானம் மாறுவதற்கே அந்நாட்டு விசா தேவை. விமான நிலையம் டிமேரியில், நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். 42ஆம் எண் மினிபஸ் போகும் என்றாலும் இரவில் இறங்கினால் டாக்சியே நல்லது. 2019 இறுதியில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய பிறகு விடுதி வாடகை ஏறிவிட்டது, அறையை முன்பே பிடியுங்கள். மின்சாரம் 110 வோல்ட்டும் உண்டு, 220 வோல்ட்டும் உண்டு. சார்ஜரில் 100–240 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

காப்பகத்துக்கு ஒரு மாதம் முன்பே எழுதி, எந்தக் கப்பல், எந்த ஆண்டு என்று சொல்லிவிடுங்கள். உங்கள் நிறுவனத்தின் அறிமுகக் கடிதத்தில் இரண்டு பிரதி, கடவுச்சீட்டு, பென்சில் எடுத்துப் போங்கள், பேனா வேண்டாம். ஈரக்காற்றில் நூறாண்டு கிடந்த தாள் ஓரத்தில் தொட்டாலே உதிரும். கட்டை முழுதாக விரிக்காமல், முதுகுப் பக்கம் தாங்கல் கொடுத்து, பக்கத்தின் மேல் மூலையைப் பிடித்து மெல்லப் புரட்டுங்கள். சில கட்டுகளைச் சிதைவு காரணமாகத் தர மாட்டார்கள்; அதனால் மாற்றாக இன்னும் இரண்டு கப்பல்களின் பெயர் கையில் இருக்கட்டும்.

படம் எடுக்க அனுமதி கிடைத்தால் முதலில் அட்டை, பிறகு முதல் பக்கம், அதன்பின் தேவையான பக்கம் என்று எடுங்கள். அட்டைப் படம் இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் எந்தக் கட்டிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது, மேற்கோளும் காட்ட முடியாது. புதிய தேடலை வியாழனோடு நிறுத்துங்கள். வெள்ளிக்கிழமை, மங்கலான படங்களை மறுபடி எடுக்கவும், சான்றளித்த நகல் வேண்டுமென்றால் அதற்கு விண்ணப்பிக்கவும்.