பாட்டு வைரலாகும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்துகொண்டு மிக்சிங்குக்காக என்னிடம் வரும் இளைஞர்கள் பலரும் ‘ஓல்ட் டவுன் ரோடு’ கதையைச் சொல்லாமல் இருப்பதில்லை. அமெரிக்காவின் அட்லாண்டாவைச் சேர்ந்த லில் நாஸ் எக்ஸ், 30 டாலருக்கு வாங்கிய பீட் (பாடுவதற்காகத் தயாராக விற்கப்படும் பின்னணி இசை) மேல் பாடி 2018 டிசம்பரில் வெளியிட்ட அந்தக் கன்ட்ரி ராப் (அமெரிக்கக் கிராமிய இசையும் ராப்பும் கலந்த) பாட்டு, டிக்டாக் வழியாகப் பரவி, மறு ஆண்டு அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் நின்றது. கதை உண்மைதான். ஆனால் அதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த பிழைகளையே இவர்களும் செய்கிறார்கள். சுருதி விலகுவது, மைக்கில் மூச்சு அடிப்பது போன்றவற்றை அவரவரே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தானாகப் பரவும் என்று காத்திருப்பது

லில் நாஸ் எக்ஸ் ட்விட்டரில் மீம் போட்டுப் பழகியவர். பாட்டு வந்ததும் அதற்கென்றே மீம்களை உருவாக்கிப் பகிர்ந்துகொண்டே இருந்தார். பாட்டின் அமைப்பும் கைகொடுத்தது. முதலில் கம்பியிசையும் குரலும் மட்டும் கேட்கின்றன. அதுவரை சாதாரண உடையில் நிற்பவர், டிரம்ஸ் விழும் நொடியில் கவ்பாய் தொப்பியும் பூட்சுமாக மாறி ஆடலாம். பார்ப்பவர் தானும் செய்து பார்க்க நினைக்கும் அப்படியொரு இடம் உங்கள் பாட்டில் எத்தனையாவது விநாடியில் வருகிறது என்று கேட்டால், பலரிடம் பதில் இல்லை.

உரிமை பார்க்காமல் பீட் எடுப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். 30 டாலர் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது; அதன் பிறகு நடந்தது யாருக்கும் நினைவில்லை. பீட்டை உருவாக்கிய நெதர்லாந்து இளைஞர் யங்கியோ, நைன் இன்ச் நெய்ல்ஸ் குழு 2008இல் வெளியிட்ட ‘கோஸ்ட்ஸ்’ தொகுப்பிலிருந்து ஒரு துணுக்கை எடுத்திருந்தார். அந்தத் தொகுப்பு, பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்ததுதான் என்றாலும், அந்த உரிமம் வணிகப் பயன்பாட்டுக்கு இடம் தராதது. பாட்டு பரவத் தொடங்கிய பிறகே அனுமதி கேட்கப்பட்டது. அந்தக் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டதால், அவரும் குழுவின் இன்னொருவரான அட்டிகஸ் ராஸும் பாட்டை எழுதியோர் வரிசையிலும் தயாரித்தோர் வரிசையிலும் இடம்பெற்று விஷயம் சுமுகமாக முடிந்தது. அவர் மறுத்திருந்தால் அந்தப் பாட்டை அதே வடிவில் விற்றிருக்கவே முடியாது.

கன்ட்ரி சாயலில் அருமையாகப் பாடியிருந்த ஒரு தம்பி, இணையத்தில் ‘இலவசம்’ என்று போட்டிருந்த பீட்டை, விளக்கக் குறிப்பைக்கூடப் படிக்காமல் எடுத்திருந்தார். ரீல்ஸில் பாட்டு ஏறத் தொடங்கிய அதே வாரத்தில் அந்த பீட்டில் திரும்பத் திரும்ப வரும் லூப்புக்கு உரிமை கோரி வேறொருவர் புகார் செய்ய, ஒலி நீக்கப்பட்டது. அந்தத் தம்பி தன் போனை என்னிடம் நீட்டினார். முன்பின் தெரியாதவர்கள் அவர் பாட்டுக்கு ஆடிய வீடியோக்களில் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. கீழே, ‘இது என்ன பாட்டு?’ என்று வரிசையாகக் கேள்விகள். உரிமை சிக்கல் தீர்ந்து பாட்டு திரும்பி வந்தபோது கேட்க ஆளில்லை.

அதனால், பீட் வாங்கும் முன்பே அதில் பிறருடைய சாம்பிள் (வேறு பதிவிலிருந்து எடுத்த ஒலித்துணுக்கு) உண்டா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். அந்த லீஸ் (பீட்டைப் பயன்படுத்தும் உரிமம்) உங்களுக்கு மட்டுமானதா, எத்தனை ஸ்ட்ரீம் வரை செல்லும், யூடியூபில் பாட்டு யாருடையது என்று கண்டறியும் கன்டென்ட் ஐடியில் பதிய அனுமதி உண்டா என்று பாருங்கள். ஒரே பீட்டைப் பலருக்கும் விற்கும் லீஸில், பெரும்பாலும் அந்த அனுமதி இருக்காது. வந்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இசை வகையை ஆசைக்குக் குறிப்பது

2019 மார்ச்சில் கன்ட்ரி பட்டியலில் 19ஆம் இடத்தில் நுழைந்த ‘ஓல்ட் டவுன் ரோடு’ பாட்டை, இன்றைய கன்ட்ரி இசையின் கூறுகள் அதில் போதவில்லை என்று பில்போர்டு நீக்கியது. கருப்பினக் கலைஞருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று எழுந்த எதிர்ப்பு எனக்கு நியாயமாகவே பட்டது. குதிரையும் கம்பியிசையும் பாட்டிலேயே இருந்ததால் லில் நாஸ் எக்ஸ் பக்கம் நின்று வாதாட முடிந்தது. பெயருக்கு ஒரு கிடாரைச் சேர்த்துவிட்டுக் ‘கன்ட்ரி பாப்’ என்று குறிப்பவருக்காக யாரும் வாதாடமாட்டார்கள்.

ரீமிக்ஸைத் தள்ளிப்போடுவது

கன்ட்ரி பாடகர் பில்லி ரே சைரஸ் சேர்ந்து பாடிய ‘ஓல்ட் டவுன் ரோடு’ ரீமிக்ஸ் (மாற்றியமைத்த வடிவம்), பேச்சு ஓயும் முன்பே, 2019 ஏப்ரல் 5ஆம் தேதியே வந்துவிட்டது.

நீளம்

மூலப் பாட்டு 1 நிமிடம் 53 விநாடி. உங்கள் பாட்டிலும் மூன்றாவது சரணம் வேண்டாம்.